முதல் கரி அடுப்பும் இரண்டாவது கரி அடுப்பும்

மதுரையில் நாங்கள் சொந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மொட்டை மாடியில் மீனும் கோழியும் சுட்டுச் சாப்பிட வேண்டும் என்ற ஆசையில், இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்து 1,900 ரூபாய்க்குக் கரி கிரில் ஒன்றை வாங்கினேன். செவ்வக வடிவில் ஒரு தகரப் பெட்டி, மடக்கக்கூடிய நான்கு கால்கள், மேலே பளபளக்கும் ஒரு கம்பி வலை, மூடி கிடையாது. பிரித்து வைத்தபோது பார்வைக்கு லட்சணமாகத்தான் இருந்தது. அருகில் வந்த என் அத்தை, அதாவது கணவரின் தாயார், வலையைத் தூக்கிப் பெட்டியின் அடிப்பகுதியை ஒருமுறை கையால் தடவிவிட்டு, “ஏம்மா, கரிக்கு அடியில கம்பியே இல்லையே, காத்து எங்கிட்டுக்கூடி வரும்?” என்று கேட்டார். புதுப்பொருள் எது வந்தாலும் ஒரு குறை சொல்வது அவருடைய வழக்கம் என்று நினைத்துக்கொண்டு, “அதெல்லாம் எரியும் அத்தை” என்று சொல்லிவிட்டேன்.

எரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, முந்தைய இரவே தயிரும் மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டு விழுதும் தடவி ஊறவைத்திருந்த ஆறு முழுக் கோழிக்கால்களை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனோம். கரி பற்றுவதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. பற்றிய கரியும் தன் சாம்பலிலேயே புதைந்து மங்கியது. விசிறினால் கங்கு ஒரு நொடி சிவந்தது, அதைவிட வேகமாகச் சாம்பல் எழுந்து இறைச்சியின் மேல் படிந்தது. கரிக்கும் வலைக்கும் இடையே நான்கு விரல் அகலம்கூட இல்லாததால், கொழுப்பு சொட்டிய இடங்களில் மட்டும் தீ குபீரென்று எழுந்து தோலைக் கரியாக்கியது. பத்து நிமிடத்தில் வெளியே தார் பூசியதுபோல் ஆகிவிட்ட ஒரு காலைக் கத்தியால் பிளந்து பார்த்தால், எலும்பை ஒட்டி ரத்தம் அப்படியே இருந்தது. விருந்துக்கு வந்த தம்பி குடும்பத்தினர் முகத்தைப் பார்க்க முடியாமல், ஆறு கால்களையும் கீழே கொண்டுபோய் வாணலியில் போட்டு கேஸ் அடுப்பில் வேகவைத்துப் பரிமாறினேன். மறுநாள் பார்த்தபோது பெட்டியின் உட்புறக் கறுப்புப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. அது எங்கே போயிருக்கும் என்று யோசிப்பதை அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

அத்தை கேட்ட கேள்விக்கு அடிப்படை அவர் சிறுவயதில் புழங்கிய குமுட்டி அடுப்பு. மேலே கிண்ணம்போல் அகன்று, நடுவில் ஒடுங்கி, அந்த ஒடுக்கத்தில் கம்பிச் சட்டம் பதித்து, அதற்குக் கீழே சன்னல்போல ஒரு வாய் வைத்த சிறிய அடுப்பு அது. கரி கம்பியின் மேல் இருக்கும். சாம்பல் கீழே உதிரும். அந்த வாய் வழியாகக் காற்று உள்ளே போய்க் கரியின் அடியிலிருந்து மேலெழும். சூடு வேண்டுமானால் வாயருகே விசிற வேண்டும். தணிக்க வேண்டுமானால் வாயை ஓட்டுத் துண்டால் பாதி அடைக்க வேண்டும். அப்பளம் சுடுவதும் காபிக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பதும் இந்த ஒரு வாயை வைத்துத்தான் நடந்தன. கரி அடுப்பு என்பது நெருப்பைப் போட்டு வைக்கும் பெட்டி அல்ல, காற்றை அளந்து விடும் கருவி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாங்கப்போகிறவர் விலையையும் பளபளப்பையும் பார்ப்பதற்கு முன், காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது, அந்த இரண்டையும் தன்னால் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்ற மூன்றையும் பார்த்துவிட்டால் பாதித் தவறுகள் நேராது.

அடுத்த எட்டு மாதங்கள் நான் புதிய கிரில் எதையும் வாங்கவில்லை. அதற்குள் கற்றுக்கொண்டவற்றில் முதலாவது கரியைப் பற்றியது. கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடும் அண்ணன். வாரத்துக்கு ஒரு மூட்டை கரி எரிப்பவரைவிடக் கரியை அறிந்தவர் வேறு யார் இருக்க முடியும்? நான் வாங்கி வைத்திருந்த கரியிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியபோது, அவற்றை ஒன்றோடொன்று தட்டிவிட்டுச் சிரித்தார். “கணீர்னு கேக்கணும்க்கா. இது தொப்புனு கேக்குது பாருங்க, உள்ள கட்டை சரியா வேகல. புகைஞ்சுக்கிட்டேதான் கெடக்கும்” என்றார். உடைத்துக் காட்டினார், நடுவில் பழுப்பு நிறம் தெரிந்தது. அன்றிலிருந்து கரிக்கடையில் மூட்டையைக் கட்டித் தூக்குவதற்கு முன் நாலு துண்டைத் தட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை.

எங்கள் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பது சீமைக் கருவேலக் கரி. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் அந்த மரத்தை வெட்டி அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, காற்றை அடக்கிப் பல நாட்கள் வேகவைத்து எடுக்கும் மூட்டக்கரி அது. கனமானது, நின்று எரியும், நல்ல சூடு தரும். பற்றும்போது சில துண்டுகள் வெடித்துப் பொறி பறக்கவிடும் என்பதுதான் அதில் குறை. சிரட்டைக் கரி எளிதில் பற்றும், புகை குறைவு, சூடும் அதிகம்; ஆனால் ஓடு மெல்லியதாக இருப்பதால் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதையே அரைத்து மாவுப்பசை சேர்த்துக் கட்டிகளாக அழுத்தி விற்பதை வாங்கினால் ஒரே சீராக நீண்ட நேரம் எரியும். விலையும் சாம்பலும் கூடுதல். நான் மூட்டக்கரியை அடிப்படையாகவும் சிரட்டைக் கரியை மூட்டுவதற்கும் பயன்படுத்துகிறேன். கொல்லர் உலைக்குப் போடும் நிலக்கரியையும் கல்கரியையும் சமையலுக்குத் தொடவே கூடாது. அவற்றின் கந்தகப் புகை உணவில் ஏறும். கடைக்காரர் இவற்றையும் மரக்கரியையும் ஒரே இடத்தில் வைத்திருந்தால், கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

மூட்டும் முறையும் அப்போதுதான் மாறியது. பக்கத்து வெல்டிங் பட்டறையில் 16 சென்டிமீட்டர் விட்டமும் 30 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு இரும்புக் குழலைச் செய்து வாங்கினேன். அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் குறுக்குக் கம்பிகள், அதற்குக் கீழே சுற்றிலும் துளைகள், பக்கவாட்டில் மரப்பிடி. மேலே கரியை நிரப்பி, கீழே இரண்டு தாள் செய்தித்தாளைக் கசக்கி வைத்துப் பற்றவைத்தால், சூடான காற்று மேலே ஏற ஏறக் கீழிருந்து புதுக்காற்று தானாக உள்ளே இழுக்கப்படுகிறது. இருபது நிமிடத்தில் மேல் கரியும் ஓரங்களில் வெளுக்கத் தொடங்கும். நீறு பூத்த நெருப்பு என்று பேச்சில் சொல்கிறோமே, சுடுவதற்குச் சரியான பதம் அதுதான். கறுப்பாக இருக்கும் கரி இன்னும் புகைவிடும். அதன்மேல் வைத்த மீனில் அந்தப் புகையின் கசப்பு ஏறும். மண்ணெண்ணெயோ பெயிண்ட் கடைத் தின்னரோ ஊற்றிப் பற்றவைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வாடை கடைசித் துண்டு வரை நீங்காது என்பதோடு, கங்கு இருக்கும்போது மீண்டும் ஊற்றினால் தீ கையை நோக்கித்தான் வரும்.

இனி அடுப்புக்கு வருகிறேன். இரண்டாவது முறை என் முன்னே இரண்டு வழிகள் இருந்தன: உருண்டை வடிவ மூடி அடுப்பு ஒன்றைக் கடையில் வாங்குவது, அல்லது பட்டறையில் கனத்த தகட்டில் செவ்வக அடுப்பு ஒன்றைச் செய்யச் சொல்வது. நான் முதலாவதையும், தூத்துக்குடியில் இருக்கும் என் அண்ணன் இரண்டாவதையும் தேர்ந்தெடுத்தோம், இருவருமே வருந்தவில்லை.

உருண்டை அடுப்பின் கதை சுவையானது. 1952இல் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், நீரில் மிதக்கவிடும் அடையாள மிதவைக்காகத் தயாரித்த உலோகக் கோளத்தை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதிக்கு மூன்று கால்களும் மேல்பாதிக்கு ஒரு பிடியும் வைத்து அடுப்பாக்கினார். திறந்த அடுப்பில் காற்றும் சாம்பலும் படுத்திய பாடுதான் அவரை அந்த வேலைக்குத் தூண்டியது. என்னைப் படுத்தியதும் அதே பாடுதான் என்பதால், அந்த வடிவத்தின்மேல் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. மூடியைப் போட்டதும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. சூடான காற்று உள்ளேயே சுழன்று இறைச்சியை எல்லாப் பக்கமும் வேகவைக்கிறது. காற்றின் அளவு குறைவதால், சொட்டும் கொழுப்பு தீப்பிடித்து எழுவது அடங்குகிறது. அடியில் ஒரு திறப்பும் மூடியில் ஒரு திறப்பும் இருக்கும். அடியில் உள்ளதைக் கூட்டிக் குறைப்பதுதான் சூட்டைக் கட்டுப்படுத்தும் வேலை. மேலே உள்ளதைப் பெரும்பாலும் திறந்தே வைத்துவிடலாம். சமையல் முடிந்ததும் இரண்டையும் அடைத்தால் கரி மூச்சுத் திணறி அணைந்துவிடும். மிஞ்சிய கரி அடுத்த வாரத்துக்கு உதவும். மூடியில்லாத அடுப்பில் அந்தக் கரி முழுவதும் வீணாக எரிந்து சாம்பலாகும். மூடி அடுப்புக்குக் கூடுதலாகக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை இப்படித்தான் மீட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடையில் நான் செய்தவற்றைச் சொல்கிறேன். மூடியை வைத்துச் சுற்றிப் பார்த்தேன். எங்கும் விரல் நுழையும் இடைவெளி இல்லை. அடித்திறப்பின் கைப்பிடியைப் பத்துத் தடவை இழுத்துத் தள்ளினேன், சிக்கவில்லை. எனாமல் பூச்சின் விளிம்புகளில் பெயர்ந்த இடம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்; பெயர்ந்த இடத்தில்தான் துரு தொடங்கும். கடைப்பையன் பொறுமை இழந்துகொண்டிருந்தான். கால்களைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில் இருந்த பழைய கிரில் எனக்குத் தந்த முதுகுவலி நினைவில் இருந்ததால், வலை என் இடுப்புயரத்துக்கு வருகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். கடைசியாக, கரி வைக்கும் கீழ்க்கம்பிக்கும் சுடும் வலைக்கும் இடையே ஒரு சாண் அளவு இடம் இருப்பதைக் கையால் அளந்தேன். அதில் கரி நிறைந்த பின்னும் வலைக்குக் கீழே 10 முதல் 12 சென்டிமீட்டர் மிஞ்சும். வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியதும் அத்தை முதலில் தூக்கிப் பார்த்ததும் அந்தக் கீழ்க்கம்பியைத்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் அவருடைய பாராட்டு.

அளவைப் பற்றிச் சற்றே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் தடுமாறுவது அங்கேதான். 37 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறிய அடுப்பு தூக்கிச் செல்ல வசதி. ஆனால் அதில் கரி பரப்பு முழுவதையும் அடைத்துக்கொள்வதால், நெருப்பில்லாத பக்கம் என்று ஒன்று இருக்காது. எலும்புள்ள கோழியைச் சுட விரும்புகிறவருக்கு அந்தப் பக்கம்தான் உயிர். எங்கள் ஐந்து பேருக்கு 47 சென்டிமீட்டர் போதுமானதாக இருக்கிறது. கரியை ஒரு பாதியில் மட்டும் குவித்து, மறுபாதியைக் காலியாக விட்டு, கோழிக்கால்களைக் காலிப் பக்கத்தில் வைத்து மூடிவிடுகிறேன். நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் உள்ளே வெந்துவிடும்; பிறகு கங்குக்கு நேர்மேலே இரண்டு மூன்று நிமிடம் புரட்டினால் தோல் முறுகும். மூடியிலுள்ள வெப்பமானி காட்டுவது மூடிக்கடியில் உள்ள காற்றின் சூட்டைத்தான். அதைப் பார்த்துக் கோழியை இறக்காமல், ஊசி வெப்பமானி ஒன்றை வாங்கி, எலும்பில் படாமல் சதையின் தடித்த இடத்தில் குத்தி, 74 டிகிரி செல்சியஸ் வந்த பிறகே இறக்குகிறேன். அந்த ஊசி இருந்திருந்தால் முதல் ஞாயிற்றுக்கிழமை மானம் கொஞ்சம் தப்பியிருக்கும். ஆண்டில் இரண்டு முறை இருபது பேர் வருவார்கள் என்பதற்காக 57 சென்டிமீட்டர் அடுப்பை வாங்கினால், மற்ற ஐம்பது வாரங்களும் நாலு துண்டு வஞ்சிரத்துக்குத் தேவையில்லாத கரியைக் கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். என் அடுப்புக்கு ஒருவேளைக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான கரி போதும்.

அண்ணன் பட்டறையில் செய்யச் சொன்ன அடுப்பு வேறு வகை. அவருக்கு வேண்டியது மீன். அதுவும் முழுச் சங்கராவும் விளைமீனும். மீனுக்கு மூடி அவ்வளவு அவசியமில்லை, வலையை ஏற்றி இறக்கும் வசதிதான் தேவை. எனவே பக்கச் சுவர்களில் மூன்று உயரங்களில் கொக்கி வைக்கச் சொன்னார். அங்கே ஒரு வாக்குவாதம் நடந்தது. விலை குறையும், துருவும் பிடிக்காது என்று சொல்லிப் பட்டறைக்காரர் ஜி.ஐ. தகட்டைக் காட்டினார். அது துத்தநாகம் பூசிய இரும்பு. துத்தநாகம் ஏறத்தாழ 420 டிகிரியில் உருகும். கரிப்படுகையின் சூடு அதைத் தாண்டிவிடும். துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் உடல்வலியும் வரும். அண்ணன் மறுத்து, பூச்சில்லாத 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டையே போடச் சொன்னார். கடையில் விற்கும் மலிவான கிரில்களின் தகடு பெரும்பாலும் இதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. தகட்டின் கனத்தை ‘கேஜ்’ கணக்கில் சொன்னால், எண் கூடக் கூடக் கனம் குறையும் என்பதை மறந்துவிடக் கூடாது: 16 கேஜ் என்றால் ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர், 20 கேஜ் என்றால் 0.9 மில்லிமீட்டர். வலைக்கு 6 மில்லிமீட்டர் எவர்சில்வர் கம்பி போட்டார். கடற்காற்றடிக்கும் ஊரில் வார்ப்பிரும்பு வலையை வாரந்தோறும் எண்ணெய் தடவிப் பராமரிக்கத் தன்னால் முடியாது என்று அவருக்கே தெரியும்.

அடுப்பை எங்கே வைப்பது என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி பிளாஸ்டிக், அதிலிருந்து இறங்கும் குழாய் பி.வி.சி., பக்கத்தில் துணிக்கொடி. இவை மூன்றிலிருந்தும் நான் பத்தடி தள்ளித்தான் வைக்கிறேன். தரையில் பதித்த ஓடு சூட்டில் விரிசல் விடாமல் இருக்க, செங்கல் பரப்பி அதன்மேல் அடுப்பை நிறுத்துகிறேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், பொறி பறக்காதா? ஆடி மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் கரி மூட்டுவதில்லை. அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள், பால்கனியில் வைக்கலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, பொது மாடியைப் பயன்படுத்தச் சங்கத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது. மழை வந்துவிட்டது என்று எரியும் அடுப்பைப் படிக்கட்டு அறைக்குள்ளோ சமையலறைக்குள்ளோ இழுப்பது உயிரோடு விளையாடுவது. புகையே இல்லாத கங்கிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேயிருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்கு இதமாக அறைக்குள் கரியடுப்பை வைத்துத் தூங்கிப் போனவர்கள் விடிந்ததும் எழுந்திருக்கவில்லை என்று கொடைக்கானலிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் வரும் செய்திகளைப் படித்திருப்பீர்கள்.

வலையைத் தேய்ப்பதற்கு இரும்புக் கம்பி பிரஷ் விற்கிறார்கள். நான் வாங்கவில்லை, உதிர்ந்த கம்பி ஒன்று உணவோடு தொண்டைக்குள் போனால் அறுவைச் சிகிச்சை வரை இழுத்துவிடும். வலை சூடாக இருக்கும்போதே நனைத்த தேங்காய் நாரை இடுக்கியில் பிடித்துத் தேய்த்து, பிறகு பெரிய வெங்காயத்தைப் பாதியாக வெட்டி முள்கரண்டியில் குத்தி, நல்லெண்ணெயில் தொட்டுத் தடவுகிறேன். மீன் ஒட்டாது. அடங்கிவரும் கங்கில் அத்தை இரண்டு கத்திரிக்காயைச் சுட்டெடுத்துத் துவையல் அரைத்துவிடுவார்; உண்மையைச் சொன்னால், கோழியைவிட அதற்குத்தான் வீட்டில் போட்டி.

சாம்பலை மட்டும் சோம்பலால் விட்டுவிடக் கூடாது. மறுநாள் வரை அதற்குள் கங்கு ஒளிந்திருக்கும் என்பதால், நன்றாக ஆறவிட்டு, தகர வாளியில்தான் அள்ள வேண்டும். பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டக் கூடாது. ஆறிய பிறகு ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. கரிச்சாம்பல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரமான சாம்பலின் காரம் தகட்டை அரிக்கும். இதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் கிரிலை, உள்ளே இருந்த சாம்பலோடு, மாடியின் ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தேன். ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு பழைய இரும்புக்குப் போட எடுத்தபோது, அடித்தகடு இற்றுப்போய் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. துணி காயப்போட வந்த அத்தை நின்று, குனிந்து, அந்த ஓட்டையை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இப்பப் பாரும்மா, காத்து வரும்.”